வாத்து ஏன் விழவில்லை?

உங்கள் வீட்டுப் பரணிலோ, கட்டிலுக்கடியில் உள்ள அட்டைப் பெட்டியிலோ பழைய வீடியோ கேம் ஒன்று கிடக்கிறதா? அதனுடன் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் இருக்கிறதா? இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தப் பெட்டியை இன்றைய தட்டைத் தொலைக்காட்சியுடன் இணையுங்கள். மஞ்சள், வெள்ளைக் கம்பிகளைச் செருக இடம் இருந்தால் படம் வரும், பாட்டும் வரும். புதரிலிருந்து வாத்து எழும்பிப் பறக்கும். துப்பாக்கியைத் திரைக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்து, வாத்தின் மீது வைத்தே சுடுங்கள். வாத்து விழாது. எத்தனை முறை சுட்டாலும் விழாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆறடி தள்ளி நின்று சுட்டபோது விழுந்த அதே வாத்து, இப்போது ஏன் விழவில்லை? துப்பாக்கி கெட்டுவிட்டதா? இல்லை. பெட்டி கெட்டுவிட்டதா? அதுவும் இல்லை. மாறியிருப்பது திரை மட்டுமே. இந்தச் சிறு புதிருக்கு விடை காண, அந்த ஆட்டப்பெட்டிக்குள்ளும் பழைய தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாய்க்குள்ளும் நாம் சென்று வர வேண்டும். போகும் வழியில், பெயர் தெரியாமலேயே ஒரு தலைமுறை ஆடித் தீர்த்த சில ஆட்டங்களையும் பார்த்துக்கொண்டு போவோம்.

பெயர் அழிந்த ஆட்டங்கள்

நான் வளர்ந்த ஊர் திருவண்ணாமலை. கார்த்திகைத் தீபம் ஏற்றும் மலையூர் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் சிற்றூர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் அமைதி. எங்கள் தெருவில் வீடியோ கேம் யாரிடமும் இல்லை. அதற்காகக் கோடை விடுமுறையில் ராஜபாளையத்துக்குப் போக வேண்டும். நூற்பாலையில் வேலை பார்த்த மாமாவின் வீட்டில், 1990களின் இறுதியில், அப்படி ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டு கைப்பிடிகள், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு ‘கேசட்’. பிள்ளைகள் ஆறு பேர். ஓர் உயிர் போனால் கைப்பிடி அடுத்தவர் கைக்கு மாறிவிட வேண்டும் என்பது சட்டம்.

கேசட்டின் மேல் ‘99999 ஆட்டங்கள்’ என்று அச்சிட்டிருந்தது. நாங்கள் பொறுமையாகப் பட்டியலை ஓட்டி எண்ணிப் பார்த்தோம். தனித்தனி ஆட்டங்கள் இருபதுக்குச் சற்று மேல்தான் இருந்தன. மற்றவையெல்லாம் அதே ஆட்டங்கள், இரண்டாம் கட்டத்திலிருந்தோ பத்தாம் கட்டத்திலிருந்தோ தொடங்குபவை. இது எப்படி முடிந்தது? பட்டியலில் நீங்கள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், கேசட்டில் உள்ள சிறு மின்சுற்று, சில்லின் எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. கூடவே ‘இத்தனையாம் கட்டத்தில் தொடங்கு’ என்ற எண்ணும் நினைவகத்தில் எழுதப்படுகிறது. எண்ணை மாற்றிக்கொண்டே போனால் ஒரே ஆட்டம் ஆயிரம் பெயரில் உலவும்! புதிய ஆட்டங்களைச் சேர்க்கச் செலவாகும். பட்டியலை நீட்டச் செலவே இல்லை.

அந்தப் பெயர்களும் உண்மையானவை அல்ல. இத்தகைய நகல் கேசட்டுகளில் பல ஆட்டங்களின் முகப்பிலிருந்து, அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் நீக்கப்பட்டிருந்தன. ஆகவே நாங்களே பெயர் சூட்டினோம்: ‘டேங்கு’, ‘காரு’, ‘சிங்க சர்க்கஸ்’, ‘ஜோடிப் பெங்குவின்’. மாரியோவும் கான்ட்ராவும் உலகப் புகழ் பெற்றுவிட்டதால் அவற்றின் வரலாறு எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குப் பிடித்த மற்றவற்றின் பெயர்களை நான் அறிந்தது கல்லூரிக்குச் சென்ற பிறகுதான். ‘டேங்கு’ 1985இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’. ‘காரு’ கொனாமி நிறுவனத்தின் ‘ரோடு ஃபைட்டர்’. சிங்கத்தின் மீதமர்ந்து தீ வளையம் தாண்டுவது, 1984இல் அதே நிறுவனம் ஆட்டக்கூடங்களுக்காக முதலில் உருவாக்கிய ‘சர்க்கஸ் சார்லி’. ஜோடிப் பெங்குவின், ஹட்சன் சாஃப்ட் நிறுவனத்தின் ‘பைனரி லேண்ட்’.

பொம்மைக்குள் ஒரு கணினி

நம் ஊர்க் கடைகளில் விற்ற அந்தப் பெட்டிகள், 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃபேமிகாம்’ என்னும் ஆட்டக்கணினியின் நகல்கள். மூலக் கருவியை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயெமுரா என்னும் பொறியாளர். அதன் மூளையாக அமைந்தது, 1975இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் வெளியிட்ட 6502 என்னும் நுண்செயலியின் வழிவந்த சில்லு. அக்காலத்தில் பிற நுண்செயலிகள் நூற்றுக்கணக்கான டாலர் விலை பெற்றபோது, 6502 வெறும் 25 டாலருக்குக் கிடைத்தது. வீட்டுக் கணினிகளின் காலம் பிறந்ததற்கு இந்த மலிவு விலை ஒரு முக்கியக் காரணம்.

இதில் நமக்கு ஒரு சுவையான தொடர்பு உண்டு. 1984இல் நடுவண் அரசு, பள்ளி மாணவர்களுக்குக் கணினியை அறிமுகப்படுத்த ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிரிட்டனின் ‘பிபிசி மைக்ரோ’ கணினி. அதன் உள்ளே இருந்ததும் 6502 குடும்பத்துச் சில்லுதான்! பள்ளியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குளிரூட்டிய அறைக்குள் பயபக்தியுடன் பார்க்கப்பட்ட கருவிக்கும், ‘கண்ணைக் கெடுக்கும் சனியன்’ என்று வீட்டில் திட்டு வாங்கிய பொம்மைக்கும் மூளை ஒன்றே என்பது விந்தை அல்லவா?

அந்த மூளைக்குக் கிடைத்த வசதிகள் எவ்வளவு தெரியுமா? வினாடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் துடிப்புகள். தற்காலிக நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கென்று தனியாக 2 கிலோபைட். பைனரி லேண்ட் போன்ற எளிய ஆட்டம், படங்கள், இசை, விதிகள் எல்லாம் சேர்த்து 24 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. பெரிய ஆட்டம் என்று பெயர் பெற்ற முதல் மாரியோவே 40 கிலோபைட்தான். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை ஒருங்குறித் தமிழில் கணினியில் சேமித்தால், அது 40 கிலோபைட்டை எளிதாகத் தாண்டிவிடும். அதாவது, எழுத்து மட்டுமே உள்ள இந்தச் சில பக்கங்களை விடச் சிறிய இடத்தில் ஓர் உலகமே இயங்கிக்கொண்டிருந்தது.

அச்சுக்கோப்பவரின் சிக்கனம்

இந்தச் சிக்கனம் எப்படிக் கைகூடியது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டத்தின் திரை குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 240 புள்ளிகளும் கொண்டது. மொத்தம் 61,440 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நான்கு நிறங்களில் ஒன்றை ஏற்கலாம் என்றால், புள்ளிக்கு இரண்டு பிட் வேண்டும். ஒரு திரைக்கு 15,360 பைட் ஆகிறது. படத்துக்கென இருப்பதோ 2 கிலோபைட், அதாவது 2,048 பைட். என்ன செய்வது?

பழைய சிவகாசி அச்சகங்களை எண்ணிப் பாருங்கள். அச்சுக்கோப்பவர் ஒரு பக்கத்தை முழுதாகச் செதுக்குவதில்லை. அவர் முன்னே அறை அறையாக ஈய எழுத்துகள் இருக்கும். வேண்டியதை எடுத்து அடுக்குவார். ஆட்டப்பெட்டியும் அதையே செய்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களைக் கேசட்டில் நிலையாக வைத்திருக்கும். ஒரு சதுரத்துக்கு 16 பைட்; இப்படி 256 சதுரங்கள் ஒரு தொகுதி. செங்கல் ஒரு சதுரம், நீர் ஒரு சதுரம், ‘ஏ’ என்னும் எழுத்து ஒரு சதுரம். திரை என்பது குறுக்கே 32, நெடுக்கே 30 என 960 சதுரங்களின் அடுக்கு. ஒவ்வோர் இடத்திலும் எத்தனையாம் சதுரம் என்று குறிக்க ஒரு பைட் போதும். 960 பைட்டுடன் நிறங்களைக் குறிக்க 64 பைட்டைச் சேருங்கள். விடை 1,024 பைட். சரியாக ஒரு கிலோபைட்! பதினைந்தில் ஒரு பங்கு இடத்தில் வேலை முடிந்துவிட்டது.

பேட்டில் சிட்டியின் செங்கல் சுவர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பது ஏன் என்று இப்போது விளங்கும். முதல் மாரியோவில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே உருவம்தான். ஒன்றுக்கு வெள்ளை, மற்றொன்றுக்குப் பச்சை. மறுமுறை பார்க்கும்போது கவனியுங்கள்.

நகரும் உருவங்களுக்கு வேறு ஓர் ஏற்பாடு இருந்தது. அவற்றுக்கென 64 சிறு சதுரங்கள் உண்டு; ஆனால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் அது மறைந்துவிடும். எப்போதும் ஒரே உருவம் மறைந்தால் ஆட்டம் கெடும் அல்லவா? ஆகவே ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு உருவம் மறையுமாறு முறை வைத்தார்கள். எதிரிகள் கூட்டமாக வரும்போது அவர்கள் மினுமினுத்தது இதனால்தான். ‘பெட்டி சூடாகிவிட்டது, கொஞ்சம் அணைத்து வை’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை; அது எட்டுக்குள் ஒன்பதை நுழைக்கும் சாமர்த்தியம்.

பெருக்கத் தெரியாத சில்லு

6502 சில்லுக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். பெருக்குவதற்கு அதில் தனிக் கட்டளை கிடையாது. அப்படியானால் சர்க்கஸ் சார்லியின் சிங்கம் தீ வளையத்தைத் தாண்டும்போது அழகான பரவளையத்தை வரைவது எப்படி? பதினோராம் வகுப்பில் நீங்கள் படிக்கும் சமன்பாட்டில் நேரத்தின் வர்க்கம் வருகிறதே!

இங்கே ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் என்று ஓர் எண், வேகம் என்று ஓர் எண். உயரம் சுழியில் தொடங்கட்டும். வேகம் 7 ஆக இருக்கட்டும். திரையில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டே வேலைகள். ஒன்று, உயரத்துடன் வேகத்தைக் கூட்டு. இரண்டு, வேகத்தில் ஒன்றைக் கழி. உயரம் இப்படிப் போகும்: 7, 13, 18, 22, 25, 27, 28, 28, 27, 25, 22, 18, 13, 7, 0. பதினைந்து படங்களில் சிங்கம் ஏறி இறங்கிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்த்திப் புள்ளி வைத்து இணையுங்கள். வருவது பரவளையம்!

உச்சியிலிருந்து இறங்கும்போது சிங்கம் கடக்கும் தொலைவுகளைப் பாருங்கள்: 1, 2, 3, 4 என்று ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கூடுகிறது. ஓய்விலிருந்து விழும் பொருள், சமமான கால இடைவெளிகளில் 1, 3, 5, 7 என்னும் விகிதத்தில் தொலைவைக் கடக்கிறது என்று கலிலியோ கண்டார். அங்கும் கூடுதல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. சீரான முடுக்கத்தின் அடையாளமே அதுதான். வர்க்கமும் பெருக்கலும் இல்லாமல், கூட்டல் ஒன்றைக் கொண்டே ஈர்ப்பு விசையை நடிக்க வைக்கலாம். நான் தேர்ந்த எண்கள் விளக்கத்துக்காக. ஆட்டத்துக்கு ஆட்டம் எண்கள் மாறும், முறை இதுவே. என் வகுப்பில் எறிபொருள் இயக்கம் நடத்தும்போது கரும்பலகையில் நான் முதலில் எழுதுவது சமன்பாட்டை அல்ல, இந்தப் பதினைந்து எண்களைத்தான்.

சார்பு இயக்கத்துக்கு ரோடு ஃபைட்டர் நல்ல பாடம். வேகமானி மணிக்கு 400 கிலோமீட்டர் வரை காட்டும். ஆனால் நம் கார் முன்னே ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. இடமும் வலமும் மட்டுமே அசையும். சாலைதான் கீழ்நோக்கி ஓடுகிறது. சாலையை ஓட்டுவதற்குச் சில்லு அத்தனை சதுரங்களையும் தூக்கி மாற்றுவதுமில்லை. ‘எந்தக் கோட்டிலிருந்து படத்தைக் காட்டத் தொடங்குவது’ என்ற எண்ணை மாற்றினால் போதும். ரயிலில் அமர்ந்திருக்கும்போது மரங்கள் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்து மயங்காதவர் உண்டா? அந்த மயக்கமே இங்கு தொழில்நுட்பம்.

பைனரி லேண்டை நான் ஆடியின் ஆட்டம் என்பேன். முகம் பார்க்கும் ஆடியைச் சொல்கிறேன். திரையின் நடுவே ஒரு சுவர்; இருபுறமும் ஒவ்வொரு பெங்குவின். கைப்பிடியில் இடப்பக்கம் அழுத்தினால் ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் நகரும். மேலும் கீழும் மட்டும் இரண்டும் ஒன்றாகவே செல்லும். உச்சியில் உள்ள இதயத்தின் இருபக்கமும் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். இருபுறத்துச் சுவர்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை, அதுதான் சிக்கல். ஒன்றை வழியில் செலுத்த முயன்றால் மற்றது சிலந்தி வலையில் போய் மாட்டும். நிலைக்கண்ணாடி முன் நின்று கையை அசைத்துப் பாருங்கள். ஆடித் தளத்துக்கு இணையான அசைவு அப்படியே இருக்கும். அதற்குச் செங்குத்தான அசைவு மட்டும் திசை மாறும். சில்லைப் பொறுத்தவரை அது ஒரு குறியை மாற்றும் வேலை: கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தால் போதும். எங்கள் வீட்டில் இந்த ஆட்டத்தில் யாராலும் வெல்ல முடியாதவள் என் மாமா மகள். இரண்டு பெங்குவின்களையும் அவள் பார்க்கவே மாட்டாள், நடுச்சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு ஆடுவாள்.

மின்சாரம் போனதும்

பேட்டில் சிட்டியில் ஒரு சிறப்பு வசதி இருந்தது. செங்கல், இரும்பு, நீர், புதர் ஆகியவற்றை விரும்பியபடி அடுக்கி, நமக்கென ஒரு போர்க்களம் கட்டிக்கொள்ளலாம். ஒரு பிற்பகல் முழுவதும் முயன்று எங்கள் தெருவின் வரைபடத்தையே கட்டினோம். பெருமாள் மலைக்கு இரும்புச் சுவர், ஊருணிக்கு நீர்ச் சதுரம். முதல் குண்டு வெடிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது தெருவும் இல்லை, மலையும் இல்லை.

ஏன் என்று பாருங்கள். கேசட்டில் உள்ள நினைவகம் தொழிற்சாலையிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாது, ஆனால் அதில் நம்மால் ஒன்றும் எழுத முடியாது. நாம் எழுதக்கூடியது பெட்டிக்குள் இருக்கும் 2 கிலோபைட் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே. அங்கே ஒவ்வொரு பிட்டும் ஒரு மின்சுற்றின் நிலை. மின்னோட்டம் நின்றால் அந்த நிலை கலைந்துவிடும். ஜப்பானியர் எழுதியது தங்கியது, ராஜபாளையத்துப் பிள்ளைகள் எழுதியது கரைந்தது.

நம் மாரியோ மெதுவானவர்

ஜப்பானின் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை எழுதப்படும். இந்தியா ஏற்றுக்கொண்ட முறையில் 50 முறை. ஆட்டத்தின் காலக் கணக்கோ ‘ஒரு படத்துக்கு ஒரு படி’ என்பது. ஆகவே நம் முறைக்கேற்ப மாற்றிய பெட்டியில் அதே ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடியது. முன்பு கணக்கிட்ட பதினைந்து படத் தாவல் ஜப்பானில் கால் வினாடியில் முடியும், நம்மிடம் 0.30 வினாடி. இசையும் மெதுவாக நடக்கும். ஆனால் இத்தகைய நகல் பெட்டிகள் பலவற்றில் சுருதி ஏறத்தாழ மாறவில்லை. தாளம் படத்தின் எண்ணிக்கையிலிருந்து பிறக்கிறது. சுருதி, சில்லின் துடிப்பைப் பகுத்துப் பெறும் அதிர்வெண்ணிலிருந்து பிறக்கிறது. துடிப்பை அவர்கள் அதிகம் மாற்றவில்லை. ஒரே பாட்டு, அதே சுருதியில், விளம்ப நடையில்! இன்று மூல வேகத்தில் கேட்கும் நம்மவர் பலருக்கு ‘ஏன் இத்தனை அவசரம்?’ என்று தோன்றுவது இதனால்தான்.

ஒளியால் நெய்த துணி

இனிப் படக்குழாய்க்குள் நுழைவோம். பழைய தொலைக்காட்சியில் படம் என்பது ஒரே நேரத்தில் தோன்றுவதன்று. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயின் பின்புறமிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்ந்து, திரையின் உட்புறம் பூசிய ஒளிர்பொருளின் மீது மோதும். மோதிய இடம் ஒளிரும். மின்காந்தச் சுருள்கள் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்து ஒரு கோடு வரையும். பின் அடுத்த கோடு. சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்வதைப் பார்த்திருந்தால் எளிதில் புரியும். நாடா குறுக்கே ஓடி ஒவ்வோர் ஊடை இழையாகத் துணியை வளர்ப்பதுபோல, கற்றை ஒவ்வொரு கோடாகப் படத்தை வளர்க்கிறது. ஒரு வேறுபாடு: துணி தங்கும், ஒளி தங்காது. மேற்கோடு மங்கிக்கொண்டிருக்கும்போதே கீழ்க்கோடு எழுதப்படும். முழுப்படம் இருப்பது திரையில் அல்ல, பார்வையின் நிலைப்பினால் நம் உணர்வில்தான்.

நம் நாட்டு முறையில் வினாடிக்கு 15,625 கோடுகள். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ வினாடி. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோ வினாடி. 21 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒளிப்புள்ளி வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பேருந்து அரை மணி எடுத்துக்கொள்ளும் அந்தத் தொலைவை இந்தப் புள்ளி ஒன்றரை வினாடிக்குள் கடந்துவிடும்.

துப்பாக்கி சுடுவதில்லை, பார்க்கிறது

இப்போது புதிருக்கு வருவோம். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. ஒளி திரையிலிருந்து துப்பாக்கிக்குள் வருகிறது! குழலுக்குள் ஒரு வில்லையும், அதன் பின்னே ஒளியுணரும் சிறு குறைகடத்தியும் உள்ளன. துப்பாக்கி என்பது உண்மையில் குறுகிய பார்வை கொண்ட ஒரு கண்.

விசையை அழுத்தியதும் பெட்டி ஒரு தந்திரம் செய்கிறது. அடுத்த ஒரு படத்துக்குத் திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. ‘இப்போது ஒளி தெரிகிறதா?’ என்று துப்பாக்கியைக் கேட்கிறது. தெரிந்தால் நீங்கள் ஏதோ விளக்கைக் காட்டி ஏமாற்றுகிறீர்கள் என்று பொருள். தெரியாவிட்டால், அடுத்த படத்தில் முதல் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரத்தை எழுதுகிறது. ‘இப்போது?’ தெரிந்தால் முதல் வாத்து விழுந்தது. இல்லையேல் அதற்கடுத்த படத்தில் இரண்டாம் வாத்தின் இடத்தில் வெள்ளை. ஒரு படத்துக்கு 20 மில்லி வினாடி. விசாரணை மூன்று படங்களில் முடிந்துவிடும். சுடும்போது திரை பளிச்சென்று வெட்டியது நினைவிருக்கிறதா? அது வெடிமருந்தின் ஒளியன்று, கேள்வியும் விடையும்.

மூலத் துப்பாக்கியில் இன்னொரு காவலும் உண்டு. கற்றை வெள்ளைச் சதுரத்தின் வழியே கோடு கோடாகக் கடக்கும்போது, 64 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை ஒளி துடிக்கும். வினாடிக்குப் பதினையாயிரம் என்ற அளவில் துடிக்கும் ஒளியை மட்டுமே ஏற்குமாறு அதன் சுற்று அமைந்திருந்தது. ஜன்னல் வெயிலும் குண்டு பல்பும் அதனிடம் செல்லாது.

தட்டைத் திரை இந்த இரண்டு இடத்திலும் தவறுகிறது. முதலாவது, அதில் ஓடும் கற்றையே இல்லை. பின்னால் உள்ள விளக்கின் ஒளியைத் திரவப் படிகம் மறைத்தும் விட்டும் படம் காட்டுகிறது. பதினையாயிரம் துடிப்புக்கு அங்கே வழியில்லை. இரண்டாவது, வந்த படத்தை அது உடனே காட்டுவதில்லை. வாங்கி, தன் அளவுக்குப் பெரிதாக்கி, பிறகே காட்டுகிறது. இதற்குப் பல பத்து மில்லி வினாடிகள் ஆகலாம். பெட்டி ‘இப்போது தெரிகிறதா?’ என்று கேட்கும் நேரத்தில் வெள்ளைச் சதுரம் இன்னும் வழியில் இருக்கிறது. அது திரைக்கு வந்து சேரும்போது கேட்பவர் போய்விட்டார். வாத்து பிழைத்துக்கொள்கிறது!

எது தங்கும், எது போகும்?

கேசட்டில் உள்ள 24 கிலோபைட்டை நகலெடுத்துக் கைப்பேசியில் ஆடலாம். அழிக்கப்பட்ட பெயர்களையும் தேடி மீட்கலாம். ‘ஜோடிப் பெங்குவின்’ மீண்டும் பைனரி லேண்ட் ஆகிவிட்டது. ஆனால் துப்பாக்கி ஆட்டம் கேசட்டுக்குள் மட்டும் இருக்கவில்லை. அதன் பாதி கண்ணாடிக் குழாய்க்குள், ஓடும் எலக்ட்ரான் கற்றைக்குள் இருந்தது. அந்தப் பாதியை நகலெடுக்க முடியாது. ஒரு கருவியைக் காப்பது என்றால் அதன் நிரலை மட்டும் காப்பதன்று, அது எதனுடன் சேர்ந்து இயங்கியதோ அதையும் காப்பதே என்று இந்த வாத்து நமக்குக் கற்றுத் தருகிறது.

படக்குழாய்த் தொலைக்காட்சிகள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. ஆனால் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்த 14 அங்குலப் பெட்டிகள், இன்றும் பல வீடுகளில் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். படம் வந்தால், துப்பாக்கியை இணைத்துச் சுட்டுப் பாருங்கள். கைப்பேசியின் கேமராவை அந்தத் திரைக்கு நேரே பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பட்டைகள் திரையில் நகர்வதைக் காண்பீர்கள். கற்றை கோடு கோடாக எழுதுவதற்கு அதுவே சான்று. என் வகுப்பு மாணவர்கள் இவை இரண்டையும் செய்து பார்த்தபின், படக்குழாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியது மிகக் குறைவாகவே இருந்தது.

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். வண்ணப் படக்குழாய் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் இயங்குவது. இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். கண்ணாடியில் ஈயமும் உண்டு. இனி வேண்டாம் என்று முடிவு செய்தால், தெருவில் உடைக்காமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.

துப்பாக்கியும் பெட்டியும் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். கட்டம் போட்ட தாளில் எட்டுக்கு எட்டுச் சதுரம் ஒன்று வரைந்து, நான்கே நிறங்களில் உங்கள் ஊர்க் கோபுரத்தை அதற்குள் அடக்கிப் பாருங்கள். பின் பதினைந்து எண்களைக் கொண்டு அதன் மேல் ஒரு பந்தைத் தாவ விடுங்கள். செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான். மின்சாரம் போனாலும் அது அழியாது.